பிக்சலா, ஹெர்ட்ஸா: நடுவட்டத்திலிருந்து ஒரு கணக்கு

கேம் விளையாடுவதற்கென்று ஒரு நல்ல மானிட்டர் வாங்க வேண்டுமானால் நீலகிரி மலையில் இருக்கும் நடுவட்டத்துக்காரர்கள் கோவைக்கோ மைசூருக்கோ மலையிறங்க வேண்டும். எந்தக் கடைக்குப் போனாலும் முடிவில் வந்து நிற்கிற கேள்வி ஒன்றுதான். ஏறத்தாழ ஒரே விலையில் இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்றில் 4கே என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். படம் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், ஆனால் 60 ஹெர்ட்ஸ். இன்னொன்றில் பிக்சல் குறைவு, ஆனால் 144 அல்லது 180 ஹெர்ட்ஸ். எதை எடுப்பது? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேம்தான் முதன்மை என்றால் முதலில் 144 ஹெர்ட்ஸை எட்டுங்கள், அதன் பிறகு 1440பி ரெசல்யூஷனுக்குப் போங்கள், 4கேயைக் கடைசியில் வையுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டிய ஆட்களும் உண்டு. அவர்கள் யார் என்பதையும் சொல்லப் போகிறேன். "எனக்கு இது பிடிக்கும், உனக்கு அது பிடிக்கும்" என்று முடித்துக்கொள்ளும் விஷயமாக இதை நான் பார்க்கவில்லை. ஒளி, கண், கணக்கு மூன்றையும் வைத்து யோசித்தால் தெளிவான விடை கிடைக்கிறது.

முதலில் கணக்கு. 1080பி திரையில் 1920க்கு 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். 1440பி திரையில் சுமார் 36.9 லட்சம். 4கேயில் சுமார் 82.9 லட்சம், 1080பியைப் போல் நான்கு மடங்கு. ரிஃப்ரெஷ் ரேட் என்பது திரை ஒரு நொடிக்கு எத்தனை முறை புதிய படம் காட்டுகிறது என்பது. இரண்டையும் பெருக்கினால்தான் கிராஃபிக்ஸ் கார்டின் வேலை என்னவென்று புரியும். 4கே திரையை 60 ஹெர்ட்ஸில் நிரப்ப ஒரு நொடிக்கு சுமார் 49.8 கோடி பிக்சல்களை வரைய வேண்டும். அதே 49.8 கோடியை 1440பி திரையில் செலவழித்தால் நொடிக்கு 135 படங்கள் கிடைக்கும். 1080பியில் செலவழித்தால் 240. அப்படியானால் 4கே 60, 1440பி 135, 1080பி 240 மூன்றும் கார்டுக்கு ஏறத்தாழ ஒரே சுமைதான். கையிலிருக்கும் ஒரே தொகையை இடத்தில் செலவிடுவதா, நேரத்தில் செலவிடுவதா என்பதுதான் நம் முன்னால் இருக்கும் தேர்வு. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதாவது பிராசஸரின் பங்கு. அதைப் பின்னால் தனியாக எடுத்துக்கொள்கிறேன்.

பிக்சல் தரப்பின் வாதம் வலுவானது என்பதை ஒப்புக்கொண்டே தொடங்க வேண்டும். கண்ணிலிருந்து 60 செ.மீ. தூரத்தில் வைத்த 24 அங்குல 1080பி திரையில், பார்வைக் கோணத்தின் ஒரு பாகைக்குள் சுமார் 38 பிக்சல்கள் அடங்கும். 27 அங்குல 1440பி திரையில் சுமார் 45. அதே அளவில் 4கே என்றால் சுமார் 67. கண் மருத்துவர் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையின் அளவுகோல்படி இயல்பான பார்வையின் எல்லை பாகைக்கு 60. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் மெட்டா நிறுவனமும் சேர்ந்து 2025இல் வெளியிட்ட ஆய்வோ, கறுப்பு வெள்ளை நுணுக்கங்களில் சராசரி எல்லை 94 வரை போகிறது என்று அளந்து சொன்னது. ஆக, "4கேயைக் கண்ணால் பிரித்துப் பார்க்கவே முடியாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அசையாத படத்தில் முடியும். 1080பியில் மேசைத் தூரத்திலேயே படிக்கட்டு போன்ற விளிம்புகள் தெரிகின்றன என்பதும் உண்மை. ஆனால் இந்த எண்கள் எல்லாமே நின்றுகொண்டிருக்கும் படத்துக்கானவை. கேமில் படம் எத்தனை நேரம் நிற்கிறது?

படம் அசையத் தொடங்கியதும் என்ன ஆகிறது என்று பார்ப்போம். 27 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 60 செ.மீ. ஒரு உருவம் இரண்டு நொடியில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகிறது, உங்கள் கண் அதைத் தொடர்ந்து நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண் சீராக நகர்கிறது. திரை அப்படி நகர்வதில்லை. 60 ஹெர்ட்ஸ் திரை ஒவ்வொரு படத்தையும் 16.7 மில்லிநொடி அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. அந்த இடைவெளியில் கண் 5 மி.மீ. முன்னே போய்விடுகிறது. அதனால் விழித்திரையில் அந்த உருவம் 5 மி.மீ. அகலத்துக்கு இழுபட்டு மங்குகிறது. 144 ஹெர்ட்ஸில் இந்த இழுவை சுமார் 2.1 மி.மீ., 240 ஹெர்ட்ஸில் 1.25 மி.மீ. இப்போது பிக்சலின் அளவைப் பாருங்கள். 27 அங்குல 4கே திரையில் ஒரு பிக்சல் வெறும் 0.16 மி.மீ. காசு கொடுத்து வாங்கிய அந்த 0.16 மி.மீ. நுணுக்கம் 5 மி.மீ. இழுவைக்குள் 32 பிக்சலாகக் கரைந்து போகிறது. மங்கலின் அகலத்தை ரெசல்யூஷன் துளியும் குறைப்பதில்லை. இதே திரையை 8கே ஆக்கினாலும் 60 ஹெர்ட்ஸில் அதே 5 மி.மீ.தான். சாதாரண மானிட்டரில் அதைக் குறைப்பது ரிஃப்ரெஷ் ரேட் மட்டுமே. அசையும் படத்தின் உண்மையான ரெசல்யூஷனை முடிவு செய்வது ஹெர்ட்ஸ்தான் என்பது என் வாதத்தின் மையம்.

பழைய பெட்டி மானிட்டர்களில் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. குழாய்த் திரையில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு கணம் பளிச்சென்று ஒளிர்ந்து அணைந்துவிடும். படம் பிடித்து வைக்கப்படுவதில்லை, அதனால் கண் நகர்ந்தாலும் இழுபடுவதில்லை. ப்ரௌசிங் சென்டர் காலத்தில் 800க்கு 600 ரெசல்யூஷனில் கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடிய தலைமுறைக்கு அந்தப் படம் கரடுமுரடாக இருந்தது, ஆனால் ஓட்டத்தில் தெளிவாக இருந்தது. எல்சிடி வந்தபோது பிக்சல் பெருகியது, மேசையில் இடம் மிச்சமானது, மின்சாரம் மிச்சமானது. அசைவின் தெளிவு மட்டும் போயிற்று. கடைகளில் மானிட்டர்கள் எப்போதும் அசையாத இயற்கைக் காட்சிகளையே காட்டிக்கொண்டிருந்ததால் அந்த இழப்பைப் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. உயர்ந்த ரிஃப்ரெஷ் ரேட்டை ஏதோ புதிய ஆடம்பரம் போலப் பேசுகிறார்கள். நாம் இழந்ததை அது திரும்பக் கொண்டுவருகிறது என்பதே சரியான வரலாறு.

நேரத்தை நுணுக்கமாக அளந்தால் இடமும் நுணுக்கமாகத் தெரியும் என்பதற்கு நீலகிரியிலேயே உலகப் புகழ்பெற்ற சான்று ஒன்று நிற்கிறது. ஊட்டிக்கு அருகே முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கி. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காக கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்டு 1970இல் செயல்படத் தொடங்கியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். நில நடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 11 பாகையில் இருக்கும் இடத்தில் 11 பாகை சாய்ந்த மலைச்சரிவு அமைந்ததால், அதன் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. இவ்வளவு பெரிதாக இருந்தும் ரேடியோ அலைகளின் நீளம் காரணமாக அதன் நேரடிப் பார்வை மிகக் கரடானது; தொலைதூர ரேடியோ மண்டலங்களின் அமைப்பை அதனால் நேராகப் பிரித்துக் காட்ட முடியாது. விஞ்ஞானிகள் நிலவைப் பயன்படுத்தினார்கள். நிலவு வானத்தில் நகர்ந்து ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும்போது சமிக்ஞை சட்டென்று அறுந்துவிடாது, நொடி நொடியாக ஒரு வடிவத்தோடு குறையும். நிலவின் விளிம்பு ஒரு நொடியில் நகர்வது ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கில் ஏறத்தாழ பாதிதான். ஆகவே அந்தக் குறைவை நேரவாரியாக நுணுக்கமாகப் பதிவு செய்தால், தொலைநோக்கியின் சொந்தப் பார்வையைவிடப் பற்பல மடங்கு நுட்பமான உருவம் கிடைக்கும். இப்படி நூற்றுக்கணக்கான மூலங்களின் அளவுகளை அளந்தார்கள். பெருவெடிப்புக் கொள்கைக்கு ஆதரவான சான்றுகளில் அந்த அளவீடுகளும் இடம்பெற்றன. ஒரு மானிட்டரின் இயற்பியல் வேறு, அந்தத் தொலைநோக்கியின் இயற்பியல் வேறு, அதை மறுக்கவில்லை. ஆனால் அடியில் இருக்கும் உண்மை இரண்டுக்கும் பொது: பார்க்கப்படும் பொருள் நகர்கிறது என்றால், நேரத்தில் கரடாக இருந்துகொண்டு இடத்தில் நுணுக்கத்தை எதிர்பார்க்க முடியாது.

கண்ணும் கணக்கும் சொல்வதை ஆய்வுகளும் சொல்கின்றனவா? அமெரிக்காவின் வொர்செஸ்டர் பாலிடெக்னிக் கல்விக்கூடத்தில் மார்க் கிளேபூலும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் இதே கேள்வியை நேரடியாகச் சோதித்தார்கள். துப்பாக்கிச் சண்டை கேமில் நொடிக்கு 3 முதல் 60 படங்கள் வரையிலும், 320க்கு 240 முதல் 640க்கு 480 வரையிலும் மாற்றி மாற்றி ஆடவைத்தார்கள். ஆட்டத் திறனைப் படங்களின் வேகம் பெரிதும் பாதித்தது. ரெசல்யூஷனின் பாதிப்பு சிறிது. அன்றைய திரைகள் இன்றைய அளவுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம், நியாயம்தான். அதற்கு 2020இல் வந்த கேம்பிரிட்ஜ் ஆய்வு பதில் தருகிறது. கியோர்கி டெனெஷ், ரஃபாவ் மான்ட்யூக் முதலானோர் ஒரே கணக்குச் சுமைக்குள் ரெசல்யூஷனையும் ரிஃப்ரெஷ் ரேட்டையும் எப்படிப் பங்கிட்டால் படம் நன்றாகத் தெரிகிறது என்று அளந்தார்கள். மேலே நான் போட்ட 49.8 கோடிக் கணக்கின் ஆய்வுக்கூட வடிவம் அது. விடை: அசைவு வேகமாக ஆக ஆக, பிக்சலைக் குறைத்து ஹெர்ட்ஸைக் கூட்டுவதே நல்லது, அசைவு மெதுவானால் திருப்பிச் செய்வது நல்லது. ஆடுபவர்களின் நடத்தையும் இதையே காட்டுகிறது. 2024இல் பிஎஸ்5 ப்ரோவை அறிமுகம் செய்தபோது அதன் வடிவமைப்பாளர் மார்க் செர்னி, படத்தரமா வேகமா என்று மெனுவில் கேட்கும்போது ஏறத்தாழ முக்கால்வாசி நேரம் ஆடுபவர்கள் வேகத்தையே எடுக்கிறார்கள் என்றார். கவுன்டர்-ஸ்ட்ரைக் தொழில்முறை வீரர்களில் பலர் விலையுயர்ந்த அதிவேக மானிட்டரில் வேண்டுமென்றே 1280க்கு 960 என்று குறைத்து வைத்து ஆடுகிறார்கள்.

இனி மறுப்புகள். அடிக்கடி கேட்பது இது: "சினிமா 24 படத்தில்தானே ஓடுகிறது, அது அழகாக இல்லையா? கண்ணுக்கு அதற்கு மேல் தெரியாதே?" சினிமாவின் ஒவ்வொரு படமும் கேமராவின் ஷட்டர் திறந்திருந்த நேரம் முழுவதையும், வழக்கமாக ஒரு நொடியின் 48இல் ஒரு பங்கை, தனக்குள் வைத்திருக்கிறது. அசைவு அந்தப் படத்துக்குள்ளேயே மங்கலாகப் பதிந்திருப்பதால் அடுத்தடுத்த படங்கள் ஒட்டிக்கொள்கின்றன. ஒளிப்பதிவாளர் கேமராவை எவ்வளவு வேகமாகத் திருப்பலாம் என்பதிலும் கட்டுப்பாடு வைத்துக்கொள்கிறார். கேமில் கேமரா உங்கள் கையில் இருக்கிறது. மவுஸை ஒரு அங்குலம் அசைத்தால் உலகமே பாதி சுற்றிவிடும். அதோடு சினிமா நீங்கள் செய்யும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கேம் பதில் சொல்ல வேண்டும். கண்ணின் எல்லையைப் பொறுத்தவரை, விளக்கு மினுங்குவது தெரியாமல் போகும் வேகம் ஒன்று, அசையும் பொருளின் விளிம்பு தெளிவாக இருக்கத் தேவையான வேகம் வேறு. முதலாவது 60, 70 ஹெர்ட்ஸுக்கு அருகிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டாவது பல நூறு ஹெர்ட்ஸ் வரை நீள்கிறது.

இரண்டாவது மறுப்பு மலையில் இருப்பவர்களுக்கு இன்னும் நெருக்கமானது: "நம்ம நெட்டுக்கு 144 ஹெர்ட்ஸ் எதற்கு? பிங்கே தாறுமாறாக இருக்கிறதே?" கவுன்டர்-ஸ்ட்ரைக் சர்வர்கள் சென்னையிலும் மும்பையிலும் இருக்கின்றன, வலோரன்ட்டின் இந்திய சர்வர் மும்பையில். நடுவட்டத்திலிருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 450 கி.மீ. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. போகும், போய்வர 4.5 மில்லிநொடி போதும். நடைமுறையில் கேபிள் சுற்றிப் போவதாலும் இடையில் பல சாதனங்களைக் கடப்பதாலும் அது பல மடங்காகிறது, மழைக்காலத்தில் இன்னும் மோசம். இருந்தும் இந்த மறுப்பு நிற்காது. மவுஸைத் திருப்பும்போது உங்கள் பார்வை திரும்புவதை உங்கள் கணினியே கணக்கிட்டு வரைகிறது; சர்வரைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. ஆகவே பிங் எவ்வளவு இருந்தாலும் திரும்பும்போது வரும் மங்கலும் கைக்கும் கண்ணுக்குமான தாமதமும் முழுக்க உங்கள் மேசையின் விஷயம். தாமதங்கள் ஒன்றோடொன்று கூடுகின்றன என்பதையும் மறக்கக் கூடாது. நெட் தாமதம் உங்கள் கையில் இல்லை என்றால், கையில் இருக்கும் தாமதத்தைக் குறைப்பது கூடுதல் அவசியமாகிறதே தவிர வீணாவதில்லை.

ஆனால் இங்கே எனக்கு எதிரான ஒரு நல்ல ஆய்வையும் வைத்தாக வேண்டும். என்விடியா ஆராய்ச்சியாளர்கள் 2019இல் வெளியிட்ட கட்டுரையின் முடிவு: குறிவைத்துச் சுடும் வேலையில், 60க்கு மேல் ஹெர்ட்ஸைக் கூட்டுவதைவிட மொத்தத் தாமதத்தைக் குறைப்பதே அதிகம் உதவுகிறது. இதை நான் முழுமையாக ஏற்கிறேன். இது பிக்சலுக்கு ஆதரவான முடிவு அல்ல என்பதையும் கவனியுங்கள். 4கேக்குத் திணறும் கார்டு ஒவ்வொரு படத்தையும் முடிக்க நேரம் எடுக்கும், தாமதம் கூடும். அதிகப் படங்கள் வருவதுதான் தாமதத்தைக் குறைக்கும் நேரான வழி. இந்த ஆய்வு நமக்குக் கற்றுத் தருவது வேறொன்று: பெட்டியில் 240 என்று போட்டிருந்தால் போதாது. அத்தனை படங்களை உங்கள் கணினி உண்மையில் வரைய வேண்டும். 80 படம் மட்டுமே வரையும் கணினிக்கு 240 ஹெர்ட்ஸ் திரை வாங்குவது, 4கே 60 வாங்குவதற்குச் சமமான வீண் செலவு. இதில்தான் பிராசஸர் வருகிறது. ரெசல்யூஷன் கூடினால் சுமை பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டுக்கு. படங்களின் எண்ணிக்கை கூடினால் பிராசஸருக்கும் சுமை. பழைய பிராசஸரோடு நல்ல கார்டு வைத்திருப்பவர், எவ்வளவு குறைத்து வைத்தாலும் 90 படங்களுக்கு மேல் போகாத நிலையில் இருந்தால், அவர் கார்டு பாதி சும்மா இருக்கிறது. அவருக்குப் பிக்சலைக் கூட்டுவது ஏறத்தாழ இலவசம். என் வரிசை மாற வேண்டிய முதல் ஆள் அவர்.

இரண்டாவது ஆள், அசைவு குறைந்த கேம்களை விரும்புகிறவர். இதற்கு நம்மிடமே அருமையான உதாரணம் இருக்கிறது. டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா'. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியாகச் சொல்லும் கேம். 2024இல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது பெற்றது. அதில் யாரும் ஓடுவதில்லை, சுடுவதில்லை. பாத்திரத்தையும் குறிப்பேட்டையும் நிதானமாகப் பார்க்க வேண்டும், வாசிக்க வேண்டும். அதற்கு 60 ஹெர்ட்ஸ் தாராளமாகப் போதும். கூர்மையான திரைதான் அந்தக் கலைக்குச் செய்யும் மரியாதை. வியூக கேம்கள், மெதுவாக நடக்கும் கதை கேம்கள் எல்லாம் இந்தப் பக்கம்தான். பகலில் அதே மானிட்டரில் படிக்கிறவர்களும் எழுதுகிறவர்களும் மூன்றாவது வகை. தமிழ் எழுத்துகளில் சுழிகள் அதிகம். 27 அங்குல 1080பி திரையில் சிறிய அளவில் ணை, ஞு, ஜூ போன்றவற்றின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கண்ணை உறுத்தும். தமிழில் நிறைய வாசிக்கிறவருக்கு 1440பிக்குக் கீழே 27 அங்குலத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். 1080பி என்றால் 24 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

"டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் எல்லாம் வந்த பிறகு இந்தத் தேர்வே தேவையில்லை, குறைவாக வரைந்து பெரிதாக்கிக்கொள்ளலாம்" என்ற வாதமும் உண்டு. இதில் பெரிய அளவு உண்மை இருக்கிறது. 4கே திரையில் டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி முறை உள்ளே 1440பி வரைந்து பெரிதாக்குகிறது, பெர்ஃபாமன்ஸ் முறை 1080பி. விளைவு வியக்கத்தக்க அளவு நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த நுட்பம் இருப்பதே என்ன சொல்கிறது? நிஜமாக வரைந்த பிக்சல்களில் பாதிக்கு மேல் தேவையில்லை, மிச்சமாகும் சக்தியை வேகத்துக்குக் கொடுங்கள் என்பதைத்தான். இடையில் புதுப் படங்களைத் தானே உண்டாக்கிச் செருகும் ஃப்ரேம் ஜெனரேஷன் வேறு விஷயம். அது மங்கலைக் குறைக்கும், தாமதத்தைக் குறைக்காது. உள்ளே நிஜமாக 60 படங்களாவது வந்தால்தான் நன்றாக இருக்கும். இரண்டு நுட்பங்களுக்குமே வேகமான திரை இருந்தால்தான் முழுப் பயன்.

அப்படியானால் ஹெர்ட்ஸைக் கூட்டிக்கொண்டே போகலாமா? கூடாது. இங்குதான் என் வரிசையின் இரண்டாம் பகுதி வருகிறது. 60இலிருந்து 144க்குப் போனால் ஒவ்வொரு படத்துக்கும் 9.7 மில்லிநொடி மிச்சம். 144இலிருந்து 240க்குப் போனால் 2.8. 240இலிருந்து 360க்கு 1.4 மட்டும். முதல் தாவலில் கிடைப்பதுதான் பெரிய வரவு. அடுத்தடுத்த தாவல்களில் செலவு கூடி வரவு சுருங்குகிறது. போட்டிகளில் ஆடுகிறவர்களுக்கு அந்த 2.8 மில்லிநொடியும் பொருட்டுதான். இ-ஸ்போர்ட்ஸை 2022 டிசம்பரில் இந்திய அரசு பல்துறை விளையாட்டுப் போட்டிகளின் ஒரு பகுதியாக ஏற்றது. 2025 ஆகஸ்ட்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் பணம் கட்டி ஆடும் கேம்களைத் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸைத் தனியாக அங்கீகரித்தது. அந்தப் பாதையில் போக நினைக்கிற பிள்ளைகளுக்கு 1080பி 240 சரியான கருவி. மற்ற எல்லோருக்கும் 144, 165 வந்ததும் அடுத்த ரூபாயைப் பிக்சலுக்குக் கொடுப்பதே லாபம். 1440பி 165 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் திரையை நான் நடுப்புள்ளியாகச் சொல்வது இதனால்தான்.

மலைவாழ் வாசகர்களுக்கென்று இரண்டு விஷயங்கள். எல்சிடி திரைக்குள் இருப்பது ஒரு திரவம். குளிர்ந்தால் அது கெட்டிப்பட்டு மெதுவாகத் திரும்பும். 144 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு பிக்சலும் 6.9 மில்லிநொடிக்குள் நிறம் மாறியாக வேண்டும். விஏ வகைத் திரைகள் இருண்ட நிறங்களில் சாதாரணமாகவே இதற்குத் தடுமாறும். டிசம்பர், ஜனவரி மாத உறைபனிக் காலையில், ஹீட்டர் இல்லாத அறையில் இன்னும் மோசமாகி, இருண்ட காட்சிகளில் நிழல் வால்போல் இழுபடும். ஆகவே நீலகிரியில் ஐபிஎஸ் எடுங்கள், வசதியிருந்தால் ஓஎல்இடி. குளிர் நாளில் திரையைக் கொஞ்ச நேரம் முன்னதாகவே போட்டுச் சூடேற விடுங்கள். இன்னொன்று மின்சாரம். தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து கரண்ட் போவது இங்கே வழக்கம். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. மழை பெய்த மாவட்டம் இது. வீடுகளில் இருக்கும் 600 வோல்ட்-ஆம்பியர் யூபிஎஸ் சுமார் 360 வாட் தாங்கும். 1080பிக்குப் போதுமான ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட் எடுக்கும். 4கேயை வேகமாக ஓட்டும் ஆர்டிஎக்ஸ் 4080 மட்டுமே 320 வாட். 4கே ஆசைக்குக் கார்டு மட்டுமல்லாமல் பவர் சப்ளை, யூபிஎஸ், மின்கட்டணம் எல்லாம் சேர்ந்தே விலை வைக்கின்றன.

கடைசியாக ஒரு மறுப்பு: "மானிட்டர் எட்டு வருடம் இருக்கும், கார்டு நாலு வருடத்தில் மாறும். இப்போதே 4கே வாங்கி வைத்தால் என்ன?" 4கேக்கு ஒரு நல்ல குணம் உண்டு, நீளம், அகலம் இரண்டிலும் 1080பியின் சரியாக இரு மடங்கு என்பதால் பிக்சல் உடையாமல் 1080பியைக் காட்ட முடியும். ஆனால் அந்த மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால், நான்கு வருடம் கழித்து வரும் வலுவான கார்டும் அந்த 60க்குள்ளேயே அடைபடும். தயாரிப்பாளர்களே இதைப் புரிந்துகொண்டுவிட்டார்கள். 2024இல் எல்ஜி கொண்டுவந்த இரட்டை முறை மானிட்டர் 4கேயில் 240, ஒரு பொத்தானை அழுத்தினால் 1080பியில் 480 என்று மாறிக்கொள்கிறது. அந்த வகை மலிவாகும் நாளில் இந்தக் கேள்வி பாதி தீர்ந்துவிடும். அதுவரை வேகத்தை அடித்தளமாக வைத்து வாங்குங்கள். ஃப்ரீசிங்க் அல்லது ஜி-சிங்க் இருக்கிறதா என்று கேளுங்கள். படங்களின் எண்ணிக்கை ஏறி இறங்கும்போது திரையும் சேர்ந்து ஏறி இறங்க அது தேவை. வீட்டுக்கு வந்ததும் டிஸ்ப்ளே போர்ட் கேபிளைப் பயன்படுத்துங்கள், விண்டோஸின் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பகுதிக்குப் போய் 60இல் நிற்கிறதா என்று பார்த்து மாற்றுங்கள். வாங்கியும் இதைச் செய்யாவிட்டால் காசு கொடுத்த 144 பெட்டியிலேயே தங்கிவிடும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை ஒன்றே ஒன்று. திரையில் இருக்கும் இயற்கைக் காட்சியை மூடச் சொல்லுங்கள். இரண்டு மானிட்டரிலும் ஏதாவது ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறந்து, சீரான வேகத்தில் மேலும் கீழும் உருட்டிக்கொண்டே தலைப்புகளை வாசிக்க முயலுங்கள். நிறுத்தினால் 4கே அழகாக இருக்கும், சந்தேகமில்லை. உருளும்போது எந்தத் திரையில் எழுத்து வாசிக்க முடிகிறதோ, அதில்தான் உங்கள் கேமும் தெளிவாகத் தெரியும். அதையே வாங்குங்கள்.